மலைமேல் லினக்ஸ் பிரிண்டர்: ஓர் அவசரக் கையேடு

லினக்ஸ் கணினியில் பிரிண்டர் மாட்ட வேண்டுமென்றால் முதலில் வேண்டியது பொறுமை. அந்த விஷயத்தில் சேர்வராயன் மலைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து, நாற்றை நட்டுவிட்டு மூன்று நாலு வருஷம் கழித்துப் பழம் பறிக்கலாம் என்று நிம்மதியாகக் காத்திருக்கும் ஊர் இந்த ஏற்காடு. ஒரு பக்கம் அச்சாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் ஆகும் என்றால் இங்கே யாரும் பதறப்போவதில்லை. ஆகவே இந்தக் கையேடு ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும். சேலத்தில் குடியிருப்பவர்கள் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்களுக்குத் தெருமுனையிலேயே ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

மலையில் அந்தக் கொடுப்பினை கிடையாது. நாகலூரில் இருக்கும் பிள்ளைக்கு டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட் ஒரு தாள் வேண்டுமென்றால், பஸ் பிடித்து ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் வரணும். வந்த நேரத்தில் கடையில் நெட் இருக்கணும், நெட் இருந்தால் கரண்ட் இருக்கணும், ரெண்டும் இருந்தால் கடைக்காரர் சாப்பிடப் போகாமல் இருக்கணும். கோடை விழா நடக்கும் மே மாதமென்றால், டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் எல்லாமே இன்றைக்கு செல்போனுக்குப் பிடிஎஃபாக வந்துவிடுகிறது. வந்ததைத் தாளில் எடுத்துக்கொண்டு வா என்று கேட்பதை மட்டும் ஆபீசுகள் நிறுத்தவில்லை.

சரி, லினக்ஸ் எங்கிருந்து வந்தது? நீங்கள் தேடிப் போகவில்லை, அதுவாகவே வீட்டுக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸோடு கூடவே ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐஏஎஸ் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அங்கே சூசே லினக்ஸை ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் பலர் பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டது, பெட்டி பரணுக்குப் போய்விட்டது. பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன் அதை இறக்கித் தூசி தட்டி, “இனிமே விண்டோஸ் இதுல நகராதுங்க மாமா” என்று லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் ஓடுகிறது. பாட்டு வருகிறது, படம் வருகிறது, தமிழில் அடிக்க முடிகிறது. வைரஸ் பயம் இல்லை. மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்த நேரத்தில்தான் பிரிண்டர் ஆசை வந்தது.

முதல் படி: வாங்குதல்

எதையும் விசாரிக்காமல் வாங்கவும். விசாரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அப்படியும் மனசு கேட்காமல், சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஏதோ ஒரு கடையில் போய்க் கேட்கிறீர்கள்.

“இது லினக்ஸ்ல ஓடுங்களா?”

“எல்லாத்துலயும் ஓடும்ங்க. சிடி உள்ளயே இருக்குங்க.”

சிடி இருப்பது உண்மை. அதில் இருப்பது விண்டோஸுக்கான டிரைவர் என்பதும் உண்மை. உங்கள் மடிக்கணினியில் சிடி போடும் வாயே கிடையாது என்பது மூன்றாவது உண்மை. மூன்றும் வீட்டுக்கு வந்தபின் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும். அந்த சிடியை வீணாக்காமல் கொய்யா மரத்தில் கட்டிவிடவும், குருவி வராது.

புதுசு வேண்டாம், பழசே போதும் என்பவர்களுக்குத் தமிழ்நாடு ஒரு பொக்கிஷம். எந்த ஆடிட்டர் ஆபீசைக் காலி செய்தாலும் ஒரு கேனான் எல்பிபி 2900 கிடைக்கும். உழைப்பில் அதற்கு ஈடு இல்லை. சல்லிசு விலை, டோனர் எங்கும் கிடைக்கும், மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். இல்லையென்றால் ஹெச்பி லேசர்ஜெட் 1020, அதுவும் சிரஞ்சீவி. லினக்ஸில் ஒரு மனிதனின் பொறுமையை ஆழம் பார்க்க இந்த இரண்டையும் விடப் பொருத்தமான யந்திரங்கள் இல்லை என்பதால் ஒன்றை அவசியம் வாங்கவும். காரணம் பிறகு.

இரண்டாம் படி: இடம்

பிரிண்டரை ஜன்னலோரம் வைக்கவும். ஏரிப் பக்கம் பார்த்த ஜன்னல் என்றால் இன்னும் விசேஷம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஊர் இது. தாள் ஈரத்தை உறிஞ்சும். கட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கிவிட்டு மூன்று நாள் விட்டால், ஓரம் சுருண்டு, ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். லேசர் பிரிண்டரில் டோனரைத் தாளில் பதிய வைக்கும் உருளையின் சூடு 180 டிகிரியைத் தாண்டும். ஈரத் தாள் அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது பிரிண்டரின் வாயிலிருந்து மெல்லிசாக ஆவி பறக்கும். முதல்முறை பார்ப்பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடுவார். ஓட வேண்டாம். லினக்ஸின் மையநிரலான கெர்னலில் ‘எல்பி0 தீப்பற்றி எரிகிறது’ என்று பொருள்படும் ஒரு பிழைச்செய்தி நிஜமாகவே உண்டு. பழைய பேரலல் போர்ட் பிரிண்டர்களுக்காக எழுதியது. பிரிண்டர் ஏதோ கோளாறு என்கிறது, ஆனால் என்ன கோளாறு என்று சொல்லவில்லை என்றால் அந்தச் செய்தி வரும். மார்கழிக் குளிரில் அதைப் படிக்கும் ஏற்காட்டுக்காரர் பிரிண்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குளிர் காயலாம்.

(விளையாட்டு போக: தாள் கட்டைப் பிரித்தாலும் உறையோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் தட்டில் போடுங்கள். பாதி ஜாம் அதோடு போய்விடும். இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பழி லினக்ஸின் மேல்தான் விழும்.)

லேசர் பிரிண்டரை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டவும். உருளை சூடாகும் அந்தச் சில நொடிகள் நூற்றுக்கணக்கான வாட்டைக் குடிக்கும். இன்வெர்ட்டர் ஒரு முறை அலறிவிட்டுப் படுத்துவிடும். விளக்கும் ஃபேனும் சேர்ந்து அணைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துபோகும்.

மூன்றாம் படி: கரண்ட் வரும்வரை காத்திருக்கவும்

சில்வர் ஓக் கிளை லைனில் விழுந்திருக்கும். லைன்மேன் வருவார். காப்பி போடுங்கள்.

ஐந்தாம் படி: இணைத்தல்

(நாலாம் படி கரண்ட் இல்லாத நேரத்தில் வந்து போய்விட்டது.)

யூஎஸ்பி வயரைச் செருகியதும் திரையின் மூலையில் ‘பிரிண்டர் சேர்க்கப்பட்டது’ என்று வரும். இதை நம்ப வேண்டும். சோதனைப் பக்கம் ஒன்றை அனுப்பினால் ‘முடிந்தது’ என்றும் வரும். அதையும் நம்ப வேண்டும். தாள் வராது. இப்போதுதான் பெங்களூருக்குப் போன் போட வேண்டும். வீட்டுக்குள் டவர் கிடைக்காது என்பதால், ஒருவர் வாசலில் நின்று போனில் கேட்டதை உரக்கச் சொல்ல, இன்னொருவர் உள்ளே அடிக்கும் முறையே மலையில் வழக்கம்.

“மாமா, பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட், கோலன், ஆறு மூணு ஒண்ணுன்னு அடிங்க.”

“கோலன்னா?”

“ரெண்டு புள்ளிங்க மாமா, ஒண்ணுக்கு மேல ஒண்ணு.”

“அடிச்சாச்சு.”

“என்ன வருதுங்க?”

“கூகுள் வருதுப்பா. லோக்கல் ஓட்டல் எல்லாம் காட்டுது.”

சரியான இடத்தில் அடித்தால் கப்ஸ் என்ற மென்பொருளின் பக்கம் திறக்கும். லினக்ஸில் அச்சு சம்பந்தப்பட்ட அத்தனையும் அதன் கையில்தான். மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்கர் எழுதி 1999இல் வெளியிட்டது. நீங்கள் அனுப்பும் பக்கத்தை வாங்கி, உங்கள் பிரிண்டருக்குப் புரியும் பாஷைக்கு மாற்றி, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அனுப்பும். அந்தப் பக்கத்தில் ‘நிர்வாகம்’ என்பதை அழுத்தினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சரியாகக் கொடுத்தாலும் ‘அனுமதி இல்லை’ என்னும், எல்பிஅட்மின் என்ற குழுவில் நீங்கள் இல்லையென்றால். சொந்த வீடு, சொந்தக் கணினி, சொந்தப் பிரிண்டர் என்ற கர்வம் அத்தோடு அடங்கிவிடும். குழுவில் சேர்ந்துவிட்டு, லாகவுட் செய்து திரும்ப வரவும்.

இதெல்லாம் செய்தும் 2900 அசையாது. அதற்குள் மூளை கம்மி. பக்கத்தை வரைந்து தயார்செய்யும் வேலை முழுவதையும் கணினியிடம் தள்ளிவிட்டு, வருவதைத் தாளில் ஒற்றுவது மட்டும் தன் வேலை என்று இருக்கும் ரகம். விலை குறைந்ததற்குக் காரணமே அதுதான். கணினி அதனிடம் கேப்ட் என்ற தனி பாஷையில் பேச வேண்டும். அந்தப் பாஷையின் இலக்கணத்தைக் கேனான் வெளியிடவில்லை. லினக்ஸுக்கு ஒரு டிரைவர் கொடுத்தது. ஆனால் அதில் 32 பிட் காலத்துத் துண்டுகள் உண்டு, பின்னணியில் சிசிபிடி என்ற ஒன்று எப்போதும் விழித்திருக்க வேண்டும், பிரிண்டரையும் அதையும் எந்த வரிசையில் எழுப்புவது என்பதில் ஆளுக்கொரு சம்பிரதாயம். பிறகு வெளியாட்கள் சிலர் கம்பியில் போகிற வருகிற பேச்சை ஒட்டுக்கேட்டே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு, கேப்ட்டிரைவர் என்று சுதந்திரமாக ஒன்றை எழுதினார்கள். காசு வாங்காமல் செய்த வேலை. இவர்களுக்கு ஒரு கும்பிடு.

1020இன் கதை வேறு. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அதற்குத் தான் யார் என்பதே மறந்துபோகும். கணினி அதற்குள் ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருளை மறுபடி ஊற்ற வேண்டும். ஹெச்பி லினக்ஸ்காரர்களுக்கு உண்மையிலேயே நல்லது செய்த கம்பெனி, அதன் ஹெச்பிலிப் திறமூல மென்பொருள். ஆனால் 1020 போன்ற சிலவற்றுக்கு மட்டும் பூட்டிய பிளக்கின் ஒன்றைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த பிளக்கினும் ஹெச்பிலிப்பும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கணினி ‘புதுப்பிப்புகள் தயார்’ என்னும். சமர்த்தாகச் சம்மதிப்பீர்கள். மறுநாள் பிரிண்டர் ஊமை. மகளுக்குப் படிவம் கட்டக் கடைசி நாளாகப் பார்த்து இது நடக்கும்.

இந்த இடத்தில் ஒரு சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. திறமூலம், கட்டற்ற மென்பொருள் என்று இன்று பேசுகிற அத்தனைக்கும் விதை போட்டது ஒரு பிரிண்டர். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகக் கொடுத்தது. வேகமானது, ஆனால் தாள் சிக்கும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தவர். புதியதற்கும் அதையே செய்யப் பார்த்தார். மூலநிரல் கொடுக்கப்படவில்லை. கார்னகி மெலனில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய்க் கேட்டார். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முடியாது என்றார் அவர். ஸ்டால்மன் அந்தக் கோபத்தை மறக்கவே இல்லை. 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸின் கெர்னல் 1991இல் வந்து அதோடு சேர்ந்தது. தாள் சிக்கியதால் எழுந்த இயக்கம் இயங்குதளத்தைப் பிடித்தது, உலகத்து சர்வர்களைப் பிடித்தது, ஆண்ட்ராய்டு வழியாக உங்கள் சட்டைப்பைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தப் பெட்டி மட்டும் இன்னும் கார்னகி மெலன்காரரின் பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘லினக்ஸ்ல பிரிண்டர் வராது’ என்று ஊரில் சொல்கிறார்கள். பாஷையை மறைத்துவைத்தவன் கம்பெனிக்காரன், கெட்ட பெயர் பேசத் தெரியாதவனுக்கு.

ஆறாம் படி: முதல் தாள்

ஒருவழியாகப் பிரிண்டர் கிறுகிறுவென்று சத்தம் போடும். தாளை அரை அங்குலம் இழுக்கும். நிற்கும். ஆரஞ்சு விளக்கு மினுக்கும். தட்டில் தாள் இருக்கிறது, மூடி சாத்தியிருக்கிறது, டோனர் இருக்கிறது. அது கேட்பது லெட்டர் அளவுத் தாள். மின்ட் போடும்போது மொழி கேட்ட இடத்தில் முதலில் இருந்த ‘ஆங்கிலம், அமெரிக்கா’வை அக்கா மகன் அழுத்திவிட்டுப் போயிருக்கிறான். அமெரிக்காவில் தாள் 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நம் ஏ4 அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறைவு, உயரத்தில் 18 கூடுதல். ஏற்காட்டில் இருந்துகொண்டு அமெரிக்கத் தாளுக்காக ஒரு யந்திரம் ராத்திரி முழுக்க விளக்கை மினுக்கிக் காத்திருக்கும். பிரிண்டர் அமைப்பில் ஏ4 என்று மாற்றவும். அச்சிடும் நிரலிலும் மாற்றவும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் இல்லை.

ஏழாம் படி: தமிழ்

ஆங்கிலத்தில் சோதனைப் பக்கம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுவிடாதீர்கள். சங்கத்துத் தீர்மானத்தை யாரோ யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியிருப்பார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் தீர்மானம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோடுதான் என்று தமிழக அரசு ஆணையிட்டது 2010இல். பழக்கம் ஆணைக்கு அடங்குவதா? அனுப்பியவரிடம் பிடிஎஃபாகக் கேட்டு வாங்குவதே மரியாதையான வழி. டெர்மினலில் நின்றபடி தமிழ் உரைக்கோப்பை நேரே பிரிண்டருக்கு அனுப்பும் வீரர்களுக்கு, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கழன்ற எழுத்தோ வெறும் கட்டங்களோ கிடைக்கும். லிப்ரேஆபீசில் திறந்து அச்சிட்டால் ஒழுங்காக வரும். இதையெல்லாம் தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இருக்கிறது. என்னைப் போல் கிண்டல் செய்யாமல் சொல்லிக்கொடுப்பார்கள்.

எட்டாம் படி: வரிசை

அச்சாகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். திரும்ப வந்தபின், சில அமைப்புகளில் கப்ஸ் அந்த வரிசையை நிறுத்தியே வைத்திருக்கும். வாய் திறந்து சொல்லாது. நீங்கள் ஹால் டிக்கெட்டை மறுபடி அனுப்புவீர்கள். வராது. மறுபடி அனுப்புவீர்கள். வயரைக் கழற்றி மாட்டி மறுபடி. கடைசியில் அக்கா மகன் போனில் ‘கப்ஸ்எனேபிள்’ என்று ஒரு சொல்லை அடிக்கச் சொல்வான். அடித்ததும் பிரிண்டர் உயிர் பெறும். ஹால் டிக்கெட் வரும். இன்னொன்று வரும். பரீட்சைக்கு ஒரு பிள்ளைதான் போகிறது, ஊருக்கே கொடுக்கும்படி வந்துகொண்டே இருக்கும்.

இங்க் டேங்க் வாங்கியவர்கள் சிரிக்க வேண்டாம். கரண்ட் போனால் அதன் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்று மை காயும். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுக்காவிட்டாலும் காயும். சுத்தம் செய்யும் கட்டளை கொடுத்தால், அச்சுக்குப் போக வேண்டிய மை அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், காப்பி வியாபாரிகள் பில் அடிக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் ரகத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது பேசும் எப்சனின் பழைய பாஷை ஊரறிந்தது. லினக்ஸுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ரிப்பனும் மலிவு. ராத்திரி அடித்தால் பக்கத்து எஸ்டேட் நாய் குரைக்கும், அவ்வளவுதான். அதில் ஹால் டிக்கெட் எடுத்தால் போட்டோவில் இருப்பவர் யார் என்று தேர்வு மையத்தில் கேட்பார்கள் என்பதால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

இனி ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன படிகளில் பெரும்பாலானவை இன்று வாங்கும் பல பிரிண்டர்களுக்குத் தேவையே இல்லை. ஆப்பிள் கம்பெனி 2002இலேயே தன் மேக்கில் கப்ஸைச் சேர்த்துக்கொண்டது. 2007இல் அதன் மூலநிரலையும் வாங்கி, மைக்கேல் ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்தது. 2010இல் ஐபோனிலிருந்து நேரே அச்சிட ஏர்பிரிண்ட் வந்தது. போனில் கம்பெனிக்கொரு டிரைவர் போட முடியாது, அதனால் எல்லாப் பிரிண்டரும் ஐபிபி என்ற ஒரே பொதுப் பாஷை பேசியாக வேண்டியிருந்தது. 2013இல் ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு மோப்ரியா என்ற கூட்டமைப்பு வந்து அதையே செய்தது. அந்தப் பாஷை கப்ஸுக்குத் தாய்மொழி. டிரைவரே இல்லாமல், வைஃபையில் பிரிண்டர் தெரிந்த மாத்திரத்தில் லினக்ஸ் அதோடு பேசிவிடுகிறது. லினக்ஸ்காரர்கள் இருபது வருஷம் மனுப்போட்டுக் கேட்டும் இறங்காத கம்பெனிகள், ஐபோன்காரர் முகம் சுளித்ததும் இறங்கிவிட்டன. நமக்கென்ன, கிடைத்தால் சரி.

ஆகவே சேலத்துக் கடையில் ஒன்றே ஒன்று பாருங்கள். பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் என்றோ மோப்ரியா என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிரிண்டரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.